சுமக்கும் சொற்கள்

அப்போது நான் கிள்ளான் துறைமுகத்துக்கு அருகில் இருந்த ஓர் இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா ஒரு கிட்டங்கியில் மூட்டை சுமக்கும் வேலை செய்தார். எங்கள் வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மருத்துவமனை அட்டையோ வங்கிக் கடிதமோ எது வந்தாலும் அது என் கைக்கு வந்துவிடும். நான் படித்துப் பொருள் சொல்வேன். அப்பாவும் அம்மாவும் அதை அப்படியே நம்புவார்கள்.

ஆங்கிலத்துக்கென்று நான் ஒரு குறிப்பேடு வைத்திருந்தேன். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் அதற்கு நேரான ஒரு தமிழ்ச்சொல். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்ற கணக்கில் நானூறுக்கும் மேற்பட்ட சொற்களை மனப்பாடம் செய்திருந்தேன். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

ஒருநாள் அப்பா கிட்டங்கியில் மூட்டையோடு சறுக்கி விழுந்து முதுகில் அடிபட்டுக்கொண்டார். மருத்துவர் இரண்டு வாரம் ஓய்வு கொடுத்தார். ஓய்வு முடியும் வேளையில் நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நான்கே வரிகள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அலுவலகத்துக்கு ‘ரிப்போர்ட்’ செய்ய வேண்டும், ‘சப்போர்ட்டிங் டாக்குமென்ட்ஸ்’ வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. இரண்டு சொல்லும் என் குறிப்பேட்டில் இருந்தன. ரிப்போர்ட் என்றால் அறிக்கை. சப்போர்ட் என்றால் ஆதரவு.

“திங்கட்கிழமை ஆபிசுக்கு ஓர் அறிக்கை எழுதிக் கொடுக்கணுமாம்ப்பா. கூட யாராவது ஆதரவா கடிதம் கொடுக்கணுமாம்” என்றேன்.

அப்பா தலையை ஆட்டினார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, அவர் எப்படி விழுந்தார் என்று இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் எழுதினேன். அப்பா அடியில் கையெழுத்துப் போட்டார். பக்கத்துவீட்டு மாமா அதே கிட்டங்கியில் வேலை செய்தவர். அவர் தம் பங்குக்கு ஆதரவுக் கடிதம் என்று ஒன்றை எழுதித் தந்தார். திங்கள் காலை இரண்டு தாள்களையும் அவரே எடுத்துக்கொண்டு போனார். அப்பா வீட்டில் படுத்திருந்தார்.

அன்று மாலை மாமா அந்தத் தாள்களோடு திரும்பி வந்தார். “கடுதாசி வேணாமாம். ஆளு வரணுமாம். டாக்டர் கொடுத்த சீட்டெல்லாம் கையில கொண்டு வரணுமாம். கிராணி சொன்னாரு” என்றார். அப்பா வராததால், சொல்லாமல் வேலைக்கு வரவில்லை என்று பதிவேட்டில் எழுதிவிட்டார்கள். மறுநாள் அப்பா முதுகைப் பிடித்துக்கொண்டு பேருந்தில் போய் வந்தார். வேலை போகவில்லை. ஆனால் அந்த வாரக் கூலி போயிற்று.

அப்பா என்னைத் திட்டவில்லை. “நல்லா எழுதியிருக்கான்னு கிராணி சொன்னாரு, தம்பி” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த வாரம் தமிழ் வகுப்பில் பகுபத உறுப்பிலக்கணம் நடந்தது. ஆசிரியர் கரும்பலகையில் ‘சுமந்தான்’ என்று எழுதி, அதைப் பிரிக்கச் சொல்லி என்னை எழுப்பினார். சும என்பது பகுதி. த் சந்தி, அது ந் ஆனது விகாரம். அடுத்த த் இறந்தகால இடைநிலை. ஆன் என்பது ஆண்பால் வினைமுற்று விகுதி. வழக்கமாக மடமடவென்று சொல்லிவிடுவேன். அன்று வாய் வரவில்லை. வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு என்னவென்று கேட்டார். கடிதத்தின் கதையைச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. “நீ தமிழ்ச்சொல்லை எப்படிப் பிரிக்கிறாயோ அப்படி அந்த ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் பார்த்தாயா?” என்று கேட்டார்.

ஆங்கிலச் சொல்லுக்குப் பகுதி உண்டு என்று அதுவரை எனக்குத் தெரியாது. அவர் அதே கரும்பலகையில், சுமந்தான் என்ற சொல்லுக்குக் கீழே ‘போர்ட்’ என்று எழுதினார். “இதுவும் சும என்பதுதான்” என்றார்.

பழைய ரோமாபுரி மக்கள் பேசிய மொழி லத்தீன். அதில் ‘போர்ட்டாரே’ என்றால் சுமத்தல், தூக்கிக்கொண்டு போதல். லத்தீனிலிருந்து பிரெஞ்சுமொழி பிறந்தது. 1066ஆம் ஆண்டில் பிரான்சின் நார்மண்டிப் பகுதியை ஆண்டவர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின், அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு ஆட்சிசெய்தது. நூற்றாண்டுக்கணக்கில் பிரெஞ்சுச் சொற்களும் லத்தீன் சொற்களும் ஆங்கிலத்தில் வந்து குடியேறின. அப்படி வந்த குடும்பங்களுள் ஒன்றுதான் இந்த ‘போர்ட்’ குடும்பம்.

தமிழில் பகுதி முதலில் நிற்கும். மற்ற உறுப்புகள் அதன் பின்னே வந்து ஒட்டும். சுமந்தான், சுமப்பாள், சுமக்கிறார்கள், சுமை, சுமத்து என எல்லாவற்றிலும் சும முன்னே நிற்கிறது. லத்தீன்வழிச் சொற்களில் வேருக்கு முன்னாலும் ஓர் உறுப்பு வந்து ஒட்டிக்கொள்ளும். அதை முன்னொட்டு என்கிறோம். சுமை எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பெரும்பாலும் அந்த முன்னொட்டுதான் காட்டும்.

‘இன்’ என்றால் உள்ளே. உள்ளே சுமந்து வருவது இம்போர்ட், அதாவது இறக்குமதி. ‘எக்ஸ்’ என்றால் வெளியே. வெளியே சுமந்து போவது எக்ஸ்போர்ட், ஏற்றுமதி. இந்த இரண்டும் எங்கள் வீட்டில் அன்றாடம் புழங்கிய சொற்கள். எந்த மூட்டை இம்போர்ட், எந்த மூட்டை எக்ஸ்போர்ட் என்பது பள்ளிக்கூடமே போகாத அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். இங்கே தமிழ் வேறொரு கோணத்தில் பார்த்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஆங்கிலச் சொல் நாட்டின் எல்லையில் நின்று உள்ளே, வெளியே என்று பார்க்கிறது. தமிழ்ச்சொல்லோ கப்பலின் பக்கத்தில் நின்று, ஏற்றுவதையும் இறக்குவதையும் பார்க்கிறது. தமிழ்ச்சொல்தான் துறைமுகத் தொழிலாளிக்கு நெருக்கமானது என்பது என் எண்ணம்.

‘இன்’ எப்படி ‘இம்’ ஆயிற்று என்று நான் கேட்டேன். ஆசிரியருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. “மரம், கள் இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்?” என்று திருப்பிக் கேட்டார். மரங்கள். ககரத்துக்கு முன்னால் மகர மெய் ஙகர மெய்யாக மாறிவிடுகிறது. அடுத்து வரும் ஒலிக்கு ஏற்றபடி வாய் முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. அதேபோலப் பகர ஒலிக்கு முன்னால் ‘இன்’ என்பது ‘இம்’ ஆகிவிட்டது. புணர்ச்சி விதி தமிழுக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்த எனக்கு இது பெரிய செய்தி.

‘டிரான்ஸ்’ என்றால் குறுக்கே கடந்து, அப்பால். ஓரிடத்திலிருந்து கடந்து மற்றோர் இடத்துக்குச் சுமந்து செல்வது டிரான்ஸ்போர்ட், போக்குவரத்து. என் தாத்தா நாகப்பட்டினத்திலிருந்து இந்நாட்டுக்கு வந்தது ரஜூலா கப்பலில். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் பல்லாயிரம் தமிழர்களைக் கடல் கடந்து சுமந்து வந்தது. அதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

‘டி’ என்பது இங்கே அகற்றுதலைக் காட்டும் முன்னொட்டு. ஒருவரை ஒரு நாட்டிலிருந்து அகற்றிக் கொண்டுபோய் விடுவது டிப்போர்ட். தமிழில் நாடு கடத்துதல். ஆசிரியர் இந்தச் சொல்லில் கொஞ்ச நேரம் நின்றார். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வும் மரியாதையான நடத்தையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களை ஒன்றுதிரட்டியவர்களில் முதன்மையானவர் ஆர். எச். நாதன். அன்றைய ஆங்கில அரசு அவரைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தியது. “டிப்போர்ட் என்ற சொல்லுக்குள் சுமப்பது என்ற பொருள் இருக்கிறது. ஆனால் இங்கே சுமக்கப்படுவது மூட்டை அல்ல, மனிதர். அவர் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை” என்றார் ஆசிரியர்.

நாடு கடத்துதல் என்னும் தொடரில் உள்ள கடத்து என்பதும் ஒரு பெரிய குடும்பத்துப் பிள்ளைதான். கட என்பது அதன் அடி. அறிவியல் பாடத்தில் மின்கடத்தி படிக்கிறோம். செய்தித்தாளில் ஆட்கடத்தல் படிக்கிறோம். வேலையைத் தள்ளிப்போடுகிறவர் காலத்தைக் கடத்துகிறார். வெளிநாடு போகக் கடப்பிதழ் வேண்டும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அதையே கடவுச்சீட்டு என்பார்கள். மின்சாரமும் மனிதரும் காலமும் ஒரே வேரின்மேல் பயணம் செய்கின்றன.

இனி என்னை விழவைத்த சொல்லுக்கு வருகிறேன். ‘ரி’ என்றால் திரும்ப. ரிப்போர்ட் என்றால் திரும்பச் சுமந்து வருதல். எதைச் சுமந்து வருவது? செய்தியை. ஓரிடத்துக்குப் போய்ப் பார்த்தவர், பார்த்ததைத் திரும்பக் கொண்டுவந்து சொல்கிறார். அதனால் அது அறிக்கை ஆயிற்று. செய்தியைக் கொண்டுவருபவர் ரிப்போர்ட்டர், செய்தியாளர் ஆனார். ஒருவர் தாம் வந்துவிட்டதை, தம் நிலையை, உரிய இடத்தில் போய்த் தெரிவித்தால் அதுவும் ரிப்போர்ட்தான். அப்போது அவர் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது தம்மையே. நேரில் வந்து நில் என்பதுதான் அந்தக் கடிதம் கேட்டது. எல்லாப் பொருளிலும் ‘கொண்டுவந்து சேர்’ என்ற கரு இருக்கிறது. என் குறிப்பேட்டின் வலப்பக்கத்தில் இருந்ததோ அறிக்கை என்ற ஒரே சொல்.

சப்போர்ட்டும் அப்படியே. ‘சப்’ என்றால் கீழே. கீழேயிருந்து சுமப்பது சப்போர்ட். தூண் கூரைக்குச் சப்போர்ட். சம்பாதிக்கும் மகன் பெற்றோருக்குச் சப்போர்ட். பந்தாட்ட அரங்கில் தொண்டை வறளக் கத்துகிறவர் தம் குழுவுக்குச் சப்போர்ட். அதேபோல, ஒருவர் சொல்வதைக் கீழேயிருந்து தாங்கி நிறுத்தும் தாள் எதுவோ அதுவே சப்போர்ட்டிங் டாக்குமென்ட். எனக்கு உடம்பு சரியில்லை என்ற பேச்சைத் தாங்கி நிறுத்துவது மருத்துவரின் சீட்டு. பக்கத்துவீட்டு மாமாவின் அன்பான கடிதம் அதைச் செய்யாது. ஆதாரம் என்று புரிந்துகொள்ள வேண்டியதை நான் ஆதரவு என்று புரிந்துகொண்டேன்.

முக்கியம் என்று பொருள்படும் இம்பார்ட்டன்ட் என்ற சொல்லும் இந்தக் குடும்பம்தான். பின்விளைவுகளைத் தன்னோடு சுமந்து வருவது எதுவோ அது முக்கியமானது. எளிதில் தூக்கிச் செல்லக்கூடியது போர்ட்டபல். தாள்களைச் சுமக்கும் உறை போர்ட்ஃபோலியோ. எனக்கு மிகவும் பிடித்தது ஸ்போர்ட். அது ‘டிஸ்போர்ட்’ என்ற பழைய சொல் தேய்ந்து வந்த வடிவம். அந்தப் பழைய சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. கவலையிலிருந்தும் வேலையிலிருந்தும் மனத்தை அப்பால் தூக்கிக்கொண்டு போவது என்பது அதன் கருத்து. மாலையில் திடலுக்குப் போய்ப் பந்து உதைக்கும் யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

அடுத்த சில வாரங்கள் எனக்குப் பித்துப் பிடித்தது போல இருந்தது. எங்கே ‘போர்ட்’ என்ற ஒலியைக் கேட்டாலும் சுமையைத் தேடினேன். எங்கள் ஊர்ப் பெயரிலேயே அது இருக்கிறதே! போர்ட் கிள்ளான் என்றால் சுமக்கும் கிள்ளான் என்று நண்பர்களிடம் அறிவித்தேன். ஏர்போர்ட் காற்றில் சுமப்பது. உருவப்படத்தைக் குறிக்கும் போர்ட்ரெயிட் முகத்தைச் சுமப்பது. பங்கைக் குறிக்கும் போர்ஷன் தட்டில் சுமப்பது. நல்ல நல்ல விளக்கங்கள். எல்லாம் என் கற்பனை.

ஆசிரியர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “சுமார் என்ற சொல் சும என்பதிலிருந்து வந்ததா?” என்றார். ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினேன். “சுமங்கலி?” எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சுமார் பாரசீகத்திலிருந்து வந்த சொல். சுமங்கலி வடமொழிச் சொல். அதில் ‘சு’ என்பது நல்ல என்று பொருள்படும் முன்னொட்டு. இரண்டுக்கும் சுமைக்கும் தொடர்பில்லை. ஆனால் தலையில் சுமை வைப்பதற்கு முன் துணியைச் சுருட்டி வைப்பார்களே, அந்தச் சும்மாடு இந்தக் குடும்பம்தான். “முகம் ஒன்றுபோல இருப்பவரெல்லாம் உன் அண்ணன் தம்பியா? வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டாமா?” என்றார். வீடு என்று அவர் சொன்னது பள்ளி நூலகத்தில் இருந்த பெரிய அகராதியை. அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் பிறப்பு சிறிய எழுத்தில் கொடுக்கப்பட்டிருக்கும். அதுவரை அந்தச் சிறிய எழுத்தை நான் படித்ததே இல்லை.

ஓய்வு நேரத்தில் நூலகத்துக்குப் போய் விசாரித்தேன். லத்தீனில் போர்ட்டாரே மட்டும் இல்லை. ‘போர்ட்டுஸ்’ என்று இன்னொரு சொல் இருக்கிறது. அதன் பொருள் துறைமுகம். ‘போர்ட்டா’ என்று மூன்றாவது ஒன்று. அதன் பொருள் வாயில். ஆங்கிலத்துக்கு வரும்போது மூன்றும் ஏறக்குறைய ஒரே உருவம் எடுத்துவிட்டன. எங்கள் ஊர்ப் பெயரில் இருப்பது துறைமுகப் போர்ட். 1901இல் இந்தத் துறைமுகம் திறக்கப்பட்டபோது, மலாய் மாநிலங்களின் முதல் தலைமை ரெசிடெண்டாக இருந்த பிராங்க் சுவெட்டன்ஹாமின் பெயரால் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று வழங்கப்பட்டது. 1972இல் போர்ட் கிள்ளான் என்று மாறியது. ஏர்போர்ட் என்பதும் வானூர்திக்கான துறைமுகம்தான். பாஸ்போர்ட் என்பது துறைமுகத்தைக் கடந்துபோக இசைவு தரும் தாள் என்று அகராதி சொன்னது. நம் கடப்பிதழ் என்ற சொல்லோடு அதை வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் கடத்தல் இருக்கிறது; ஒன்றில் மட்டும் துறைமுகம் இருக்கிறது.

போர்ச்சுகல் என்ற நாட்டின் பெயரிலும் ஒரு துறைமுகம் ஒளிந்திருக்கிறது. அங்கே டோரோ ஆற்றின் முகத்துவாரத்தில் போர்ட்டுஸ் காலே என்ற துறைமுகம் இருந்தது. அந்தப் பெயரே நாட்டின் பெயராக வளர்ந்தது. துறைமுகத்தைப் பெயரில் கொண்ட அந்நாட்டவர் 1511இல் கடல் கடந்து வந்து நம் மலாக்காத் துறைமுகத்தைப் பிடித்ததை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள்.

வாய்ப்பு என்னும் பொருளில் வழங்கும் ஆப்பர்ச்சூனிட்டி என்ற நீண்ட சொல்லின் நடுவிலும் இதே துறைமுகம்தான். பாய்மரக் கப்பல் காலத்தில் மாலுமிகள் காற்றுக்காகக் காத்திருப்பார்கள். துறைமுகத்தை நோக்கி வீசும் காற்று அவர்களுக்கு நல்ல காற்று. அந்தக் காற்றைக் குறித்த லத்தீன் சொல், பிறகு தக்க தருணம் எதையும் குறிக்கத் தொடங்கியது. காற்று போய்விட்டது, தருணம் மட்டும் சொல்லில் நிற்கிறது.

போர்ட்ரெயிட்டும் போர்ஷனும் இந்த மூன்று வீட்டிலும் இல்லை. போர்ட்ரெயிட் என்ற சொல்லில் உள்ள வேருக்கு இழுத்தல் என்று பொருள். கோடு இழுத்து வரைவதிலிருந்து அது வந்தது. போர்ஷன் வேறொரு லத்தீன் சொல்லின் வழி வந்தது. நண்பர்களிடம் போய் என் அறிவிப்புகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அவர்கள் அவற்றை நினைவில் வைத்திருக்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

ஒரு சொல் மட்டும் என்னை நெடுநேரம் உட்காரவைத்தது. போர்ட்டர். அகராதி அதை இரண்டு சொல்லாகப் பிரித்து, இரண்டு இடத்தில் கொடுத்திருந்தது. ஒரு போர்ட்டர் சுமப்பவர். அவர் போர்ட்டாரே வழி வந்தவர். இன்னொரு போர்ட்டர் வாயிற்காவலர். அவர் போர்ட்டா வழி வந்தவர். எழுத்து ஒன்று, ஒலி ஒன்று. ஆனால் ஒருவர் மூட்டைக்காரர், மற்றவர் கதவுக்காரர். வாக்கியத்தைப் படிக்காமல் யார் எவர் என்று சொல்லவே முடியாது. இன்னும் பல்லாயிரம் ஆண்டு பின்னோக்கிப் போனால், சுமத்தலும் துறையும் வாயிலும் கடந்து செல்லுதல் என்ற ஒரே தொல்வேரில் போய்ச் சேர்வதாக மொழியறிஞர்கள் கூறுகிறார்கள். அதாவது இவை மூன்றும் தூரத்துப் பங்காளிகள். ஆனால் ஒரு கடிதத்தைப் படித்துப் பொருள் சொல்ல வேண்டியவனுக்கு அவ்வளவு தூரத்து உறவு உதவாது.

இரண்டு மாதம் கழித்து நிறுவனத்திலிருந்து மறுபடி ஒரு கடிதம் வந்தது. அம்மா அதை என் கையில் கொடுத்துவிட்டு அருகிலேயே நின்றார். முன்பெல்லாம் அப்படி நிற்கமாட்டார். நான் உடனே வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு வரியையும் மூன்று முறை படித்தேன். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அப்பா வேறு வேலைக்கு ‘டிரான்ஸ்ஃபர்’ செய்யப்படுகிறார். காலை ஏழு மணிக்கு முன்வாயிலில் ரிப்போர்ட் செய்ய வேண்டும் என்று இருந்தது. ரிப்போர்ட் இப்போது எனக்குத் தெரியும். டிரான்ஸ்ஃபர் என்றால் மாற்றம் என்று தோன்றியது. ஆனாலும் நான் சொல்லவில்லை. “நாளைக்குச் சொல்றேன்ப்பா” என்றேன். மறுநாள் நூலகத்தில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு, ஆங்கில ஆசிரியையிடமும் கடிதத்தைக் காட்டிக் கேட்டுவிட்டு வந்துதான் சொன்னேன்.

“மூட்டை தூக்குற வேலை இனிமே கிடையாதுப்பா. வாசல்ல ஜாகா வேலை. ஒண்ணாம் தேதி காலையில ஏழு மணிக்கு நீங்களே நேர்ல போய் நிக்கணும்.”

“கடுதாசி ஏதும் எழுதணுமா?” என்று கேட்டார் அப்பா. அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. அம்மாதான் முதலில் சிரித்தார்.

முதல் தேதி அப்பா ஆறரைக்கே வாயிலில் போய் நின்றார். பதினெட்டு ஆண்டு முதல்வகைப் போர்ட்டராக இருந்தவர் அன்றுமுதல் இரண்டாம்வகைப் போர்ட்டர் ஆனார்.

நூலகத்தில் டிரான்ஸ்ஃபர் என்ற சொல்லைப் பார்த்தேனே, அது என்னை இன்னொரு வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டது. அதில் உள்ள ‘ஃபர்’ என்பது ‘ஃபெர்ரே’ என்ற லத்தீன் சொல். அதற்கும் சுமத்தல், தாங்குதல் என்றே பொருள். நாம் தூக்கு, சும, ஏந்து, தாங்கு என்று பல சொல் வைத்திருப்பது போல ரோமாபுரி மக்களும் ஒன்றுக்கு மேல் வைத்திருந்தார்கள். புவியியல் பாடத்தில், நிலத்துக்கு அடியில் நீரைத் தாங்கியிருக்கும் பாறை அடுக்கை அக்விஃபர் என்று படிப்பீர்கள். அறிவியலில் கூம்பு வடிவக் காய்களைத் தாங்கும் மரங்களைக் கோனிஃபர் என்று படிப்பீர்கள். இரண்டின் கடைசியிலும் நிற்பது இந்த ஃபெர்ரேதான். ஆனால் அந்தப் பக்கத்தில் என் கண் போய் நின்ற சொல் வேறு. அது ‘சஃபர்’. துன்பப்படுதல். அதையும் பிரித்துக் காட்டியிருந்தார்கள்: சப் என்றால் கீழே, ஃபெர்ரே என்றால் தாங்கு.

சப்போர்ட்டும் அதேதான். கீழேயிருந்து தாங்கு. இரண்டு சொல்லும் ஒரே மாதிரி கட்டப்பட்டவை. ஒன்று பிறரைத் தாங்குவது என்று வளர்ந்தது. மற்றொன்று வலியைத் தாங்குவது என்று வளர்ந்தது.

அன்றிரவு அப்பா சாய்வு நாற்காலியில் முதுகுக்கு ஒரு தலையணை வைத்து உட்கார்ந்திருந்தார். இதை அவரிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “தமிழ்ல அதுக்கு என்ன?” என்று கேட்டார்.

“தூண் கூரையைத் தாங்குதுன்னு சொல்றோம். வலியைத் தாங்குறார்னும் சொல்றோம். ரெண்டுக்கும் ஒரே சொல்லுதான்ப்பா.”

“தாங்குறது” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார் அப்பா. பிறகு தலையணையை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். “சரி, அந்தத் தைலத்தை எடுத்து முதுகுல கொஞ்சம் தேய்ச்சுவிடு, தம்பி” என்றார்.